பாதரசம் பற்றிக் கேட்கும் பெற்றோருக்கு



இந்த மாதம் கரும்பு, வெல்ல விலை பற்றி எழுதுவதாக இருந்தேன். அதைத் தள்ளிவைக்கிறேன். பழனி வட்டாரத்தில் நெய்க்காரப்பட்டியிலும் பாலசமுத்திரத்திலும் பாப்பம்பட்டியிலும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளை வளர்க்கும் பெற்றோர் சிலர், ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாக நம்மிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு தாய் கேட்டதை அவர் வாய்மொழியிலேயே தருகிறேன்: "பையனோட முடியக் கொஞ்சம் வெட்டி அனுப்புனா ஒடம்புல எவ்வளவு பாதரசம் இருக்குதுன்னு சொல்லிப்போடுவாங்களாமுங்க. அதை எறக்கிட்டாப் பேச்சு வந்துருமாம். டாக்டரு அதெல்லாம் வேண்டாங்கறாரு. ஆனா மெட்ராஸ்ல ஒரு காலேஜ்ல செஞ்ச ஆராய்ச்சியில இருக்குதுன்னே போட்டிருக்குதாமுங்க. நாங்க யாரு சொல்றத நம்பறது?"

அந்த அம்மாவுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வரிப் பதில்களைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் இங்கே வந்திருக்கிறார். டாக்டர் ஒரு வரி சொல்கிறார், முடி கேட்பவர் ஒரு வரி சொல்கிறார், உறவுக்காரர் ஒரு வரி சொல்கிறார். யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதும் அவருக்கும், அவரைப் போன்றவர்களுக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாதரசம் பற்றிச் சந்தேகப்பட திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. பழனியிலிருந்து மலைச்சாலையில் 60 கி.மீ. சொச்சம் ஏறினால் கொடைக்கானல். அங்கே செயின்ட் மேரிஸ் சாலையில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களைப் பெயர்த்துக்கொண்டு வந்து, 1980-களின் முதல் பாதியில் இங்கே நிறுவினார்கள். பாதரசம் அமெரிக்காவிலிருந்து வந்தது, செய்து முடித்த தெர்மாமீட்டர்கள் கப்பலேறிப் போயின. பின்னாளில் தொழிற்சாலை இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. உள்ளே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அந்த மலையின் இளைஞர்கள்.

2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் உடைந்த தெர்மாமீட்டர்கள் டன் கணக்கில் குவிந்து கிடப்பதை ஊர்க்காரர்களும் பழனி மலைப் பாதுகாப்பு மன்றத்தினரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். மக்கள் ஊர்வலம் போனார்கள், தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடி வழியாக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறையின் ஆய்வு மையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் கொடைக்கானல் ஏரியை ஆராய்ந்து, தண்ணீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை 2006-ல் வெளியிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் நம் பேச்சுக்கு முக்கியமானது. முன்னாள் தொழிலாளர்கள் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தங்கள் உடல்நிலை மட்டுமல்ல, தங்கள் பிள்ளைகளின் உடல்நிலையும் அவர்களுடைய கவலை. 2007-ல் நிபுணர் குழு ஒன்று, தொழிலாளர்களின் நோய்களுக்கும் பாதரசத்துக்கும் தொடர்பு காட்டும் ஆதாரம் இல்லை என்றது. நிறுவனமும் அதையே சுட்டிக்காட்டிவந்தது. தொழிலாளர்கள் ஏற்கவில்லை. 2011-ல் மத்தியத் தொழிலாளர் துறை அமைத்த குழு, தொழிலாளர்கள் மட்டுமல்லாமல் அவர்களின் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டதற்கு ஆதாரம் இருப்பதாக அறிக்கை கொடுத்தது. கடைசியில் 2016 மார்ச்சில், பொறுப்பை ஏற்காமலேயே, மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லி 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்த மக்களிடம் போய், "ஆய்வு அப்படிச் சொல்கிறது, பேசாமல் போங்கள்" என்றால் எப்படிப் போவார்கள்? ஓர் ஆய்வு "ஒன்றும் இல்லை" என்று சொல்ல, பெற்றோர் அதைக் கேள்வி கேட்க, அடுத்த குழு வேறு முடிவுக்கு வர, இது நம் மலையிலேயே நடந்திருக்கிறது. கேள்வி கேட்ட பெற்றோரால்தான் அந்த வழக்கு உயிரோடு இருந்தது.

ஆகவே ஆட்டிசம் விஷயத்திலும் கேள்வியைக் கேட்போம். ஆனால் கேள்வியைப் பிரித்துக் கேட்போம். "பாதரசத்துக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கிறதா" என்பது பார்க்க ஒரு கேள்வி. உண்மையில் அதற்குள் நான்கு கேள்விகள் முண்டியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் முடியிலோ இரத்தத்திலோ அளந்தால் பாதரசம் கூடுதலாகத் தெரிகிறதா? அப்படித் தெரிந்தால் அதனால்தான் ஆட்டிசம் வந்ததா? தடுப்பூசியிலிருந்து அது வந்ததா? அதை வெளியேற்றினால் குழந்தை மாறுமா? இந்த நான்குக்கும் பதில் ஒன்றல்ல. பெற்றோரிடம் பணம் வாங்குகிறவர்கள் முதல் கேள்விக்கு எழுதப்பட்ட ஆய்வுத்தாளைக் காட்டி, நான்காவது கேள்விக்கான மருந்தை விற்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

அந்த அம்மா சொன்ன சென்னை ஆய்வு உண்மையானது. பாரதி மகளிர் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் செய்யப்பட்டு, சுவடு தனிமங்களுக்கான பன்னாட்டு இதழ் ஒன்றில் 2011-ல் வெளியானது. ஆட்டிசம் உள்ள 45 குழந்தைகளின் முடியையும் நகத்தையும், ஆட்டிசம் இல்லாத ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான குழந்தைகளின் முடி, நகத்துடன் ஒப்பிட்டார்கள். பாதிப்பு அதிகமாக இருந்த குழந்தைகளிடம் செம்பும் ஈயமும் பாதரசமும் கூடுதலாகவும், மக்னீசியமும் செலினியமும் குறைவாகவும் இருந்தன. நம் ஊர்க் கல்லூரியில், நம் பிள்ளைகளைப் பற்றி அக்கறையோடு செய்த வேலை. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அந்த ஆய்வு எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று பெற்றோர் பார்க்க வேண்டும். ஆட்டிசம் இருப்பது தெரிந்த பிறகு எடுத்த முடி அது. பாதரசம் முன்னால் வந்து ஆட்டிசம் பின்னால் வந்ததா, அல்லது ஆட்டிசம் இருப்பதாலேயே உலோகம் உடம்புக்குள் கூடுதலாகப் போனதா என்று அதைக்கொண்டு சொல்ல முடியாது. இது வாதத்துக்காகச் சொல்வதல்ல. இந்தக் குழந்தைகளில் பலர் மண்ணைத் தின்பார்கள், சுவரைச் சுரண்டி வாயில் போடுவார்கள், கையில் கிடைத்த பொம்மையைக் கடிப்பார்கள். வீட்டில் வளர்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பழைய பெயின்ட்டிலும் புழுதியிலும் ஈயம் இருந்தால் அந்தக் குழந்தையின் உடம்பில்தான் அது முதலில் ஏறும். அதனால்தான், கண்டதை வாயில் போடும் பழக்கமுள்ள குழந்தைக்கு ஈயத்துக்கான இரத்தப் பரிசோதனை செய்வதைக் குழந்தை மருத்துவர்களே பரிந்துரைக்கிறார்கள். அது நியாயமான சோதனை. உங்கள் குழந்தைக்கு அந்தப் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

முடி விஷயத்தில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. 2003-ல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு முதன்முதலில் வெட்டிய முடியை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் முடியில் பாதரசம் மற்றவர்களைவிடக் குறைவு என்பது அதன் முடிவு. அந்த ஆய்வாளர்கள் அதற்கு என்ன விளக்கம் சொன்னார்கள் தெரியுமா? இந்தக் குழந்தைகளால் பாதரசத்தை வெளியே தள்ள முடியவில்லை, அதனால்தான் முடியில் குறைவாக இருக்கிறது என்றார்கள். வேறு ஆய்வுகளில் முடியில் கூடுதலாக இருந்தபோது, பார்த்தீர்களா, உடம்பில் விஷம் ஏறியிருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. கூடினாலும் பாதரசம், குறைந்தாலும் பாதரசம். எந்த ரிப்போர்ட் வந்தாலும் ஒரே முடிவுதான் என்றால் அந்தச் சோதனை நமக்கு எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

இரத்தத்தை அளந்த ஆய்வுகள் கொஞ்சம் மேல். அதிலும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை உண்டு. 2004-ல் ஹாங்காங்கில் ஆட்டிசம் உள்ள 82 குழந்தைகளையும் இல்லாத 55 குழந்தைகளையும் ஒப்பிட்டு, பாதரச அளவில் வேறுபாடு இல்லை என்று எழுதினார்கள். அமெரிக்காவின் வடக்கு அயோவா பல்கலைக்கழகத்து உளவியல் ஆய்வாளர்கள் இருவர் அந்தக் கட்டுரையின் எண்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது புள்ளியியல் கணக்கில் பிழை இருந்தது. 2007-ல் அதே இதழ் திருத்தம் வெளியிட்டது. திருத்திய கணக்கில் வேறுபாடு எல்லைக்கோட்டை ஒட்டி வந்தது. "ஆய்வைக் கேள்வி கேட்காதே" என்று சொல்கிறவர்களுக்கு இதை நினைவுபடுத்துவேன். கேள்வி கேட்டால் ஆய்வு திருந்தும்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அதுவரை நடந்ததை மட்டும் சிலர் நமக்குச் சொல்கிறார்கள். அடுத்து கலிபோர்னியாவில் பெரிதாக ஓர் ஆய்வு செய்தார்கள். 2 முதல் 5 வயதுக் குழந்தைகள் 452 பேர். இந்த முறை ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்தார்கள்: யார் எவ்வளவு மீன் சாப்பிடுகிறார்கள் என்றும் கேட்டார்கள். நம் இரத்தத்தில் ஏறும் பாதரசத்தில் பெரும்பங்கு மீன் வழியாக வருவது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சாப்பாட்டில் பிடிவாதம் அதிகம், புதிய மணமோ பதமோ ஆகாது, பலர் மீனைத் தொடவே மாட்டார்கள். அதனால் முதலில் பார்த்தபோது அவர்களின் இரத்தத்தில் பாதரசம் குறைவாகவே இருந்தது! மீன் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் இரு தரப்பும் ஒன்றாகிவிட்டன. 2010-ல் இது அச்சில் வந்தது. இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸ் தீவுகளில் மக்கள் தினமும் மீன் சாப்பிடுகிறார்கள். அங்கே கர்ப்பத்திலேயே பாதரசத்துக்கு ஆளான ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2013-ல் எழுதினார்கள். ஆட்டிசத்தின் அறிகுறிகளுக்கும் பாதரச அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை.

ஆக, முதல் கேள்வியில் ஆய்வுகள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. சில இடங்களில் கூடுதல், சில இடங்களில் குறைவு, பல இடங்களில் சமம். அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாவது கேள்விக்கு, பாதரசம்தான் காரணம் என்று காட்டும் சான்று இல்லை. 2019-ல் ஐந்து நாடுகளில் 20 லட்சம் பிள்ளைகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு, ஆட்டிசம் வருவதில் ஏறத்தாழ 80 சதவீதம் மரபணு சார்ந்தது என்றது. மினமாட்டாவையும் நினைத்துப் பாருங்கள். ஜப்பானில் அந்தக் கடலோர ஊரில் சிஸ்ஸோ ஆலை கடலில் விட்ட பாதரசம் மீனில் ஏறி, 1956-ல் நோய் வெளியே தெரிந்தது. கை கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பார்வை சுருங்குவது, குழந்தைகள் கடுமையான மூளைப் பாதிப்போடு பிறப்பது என்று உலகம் பார்த்த மிகக் கொடுமையான பாதரச நோய் அது. அந்த நோயின் முகம் வேறு, ஆட்டிசத்தின் முகம் வேறு.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஊசியைப் பற்றியது. பல பேருக்குப் போடும் பெரிய மருந்துக் குப்பியில் கிருமி புகாமல் இருக்க தைமரோசல் என்ற பொருளை மிகச் சிறிய அளவில் சேர்ப்பார்கள். அதில் பாதரசம் உண்டு. நம் சுகாதார நிலையங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசிக் குப்பியில் அது உண்டு. பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, தட்டம்மை-ரூபெல்லா ஊசி ஆகியவற்றில் கிடையாது. ஒரு ஊசியில் போகும் பாதரசம் 25 மைக்ரோகிராமைத் தாண்டாது. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் 25 பங்கு. அது மீனில் வரும் மெத்தில் பாதரசம் அல்ல, எத்தில் பாதரசம். மெத்தில் பாதரசம் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மாதம் ஆகும். எத்தில் ஒரு வாரத்துக்குள் பாதியாகிவிடும். கொடைக்கானல் தொழிலாளர்கள் சுவாசித்தது மூன்றாவது வகை, பாதரச ஆவி. நுரையீரல் வழியே நேராக இரத்தத்துக்குப் போகிறது. மூன்றையும் ஒரே பெயரில் பேசுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

இந்தக் கேள்வியை உலகத்தில் உரக்கக் கேட்டவர்களும் பெற்றோர்தான். 1999 ஜூலையில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் அரசின் சுகாதாரத் துறையும் சேர்ந்து, தீங்கு நிரூபணமாகாவிட்டாலும் முன்னெச்சரிக்கையாகக் குழந்தைகளின் ஊசிகளிலிருந்து தைமரோசலை நீக்கச் சொன்னார்கள். 2001-ல் அங்கே ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் சிலர், ஆட்டிசம் என்பது பாதரச நச்சின் புது வடிவமாக இருக்கலாம் என்று ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். அதே ஆண்டுவாக்கில் ஃப்ளூ ஊசிகள் சிலவற்றைத் தவிர மற்ற எல்லாக் குழந்தை ஊசிகளிலிருந்தும் தைமரோசல் போய்விட்டது. அவர்கள் ஊகம் சரியென்றால் அதற்குப் பின் பிறந்த குழந்தைகளிடம் ஆட்டிசம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, ஏறிக்கொண்டே போனது. அமெரிக்க அரசின் கணக்கில் 2000-ல் எட்டு வயதுப் பிள்ளைகளில் 150 பேருக்கு ஒருவர், 2022-ல் 31 பேருக்கு ஒருவர். அடையாளம் காணும் வழிகள் பெருகியது இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு. டென்மார்க் 1992-லேயே தைமரோசலை நிறுத்திவிட்டது. அங்கேயும் குறையவில்லை. அங்கே 4,67,450 குழந்தைகளின் பதிவை வைத்து 2003-ல் பார்த்தார்கள். தைமரோசல் உள்ள ஊசி போட்ட குழந்தைகளுக்கும் இல்லாத ஊசி போட்ட குழந்தைகளுக்கும் ஆட்டிசத்தில் வேறுபாடு இல்லை.

பெற்றோர் கேட்டார்கள், நாடுகள் ஊசியையே மாற்றிப் பார்த்தன, பதில் வந்துவிட்டது. இவ்வளவு நேர்மையாகச் சோதிக்கப்பட்ட கேள்விகள் மருத்துவத்தில் அதிகம் இல்லை. 2025 ஜூனில் அமெரிக்காவின் தடுப்பூசி ஆலோசனைக் குழு, தைமரோசல் உள்ள ஃப்ளூ ஊசி வேண்டாம் என்று வாக்களித்த செய்தியைப் படித்துப் பலர் மறுபடி பயந்திருக்கிறார்கள். புதிதாகத் தீங்கைக் காட்டும் சான்று எதுவும் அந்த முடிவுக்குப் பின்னால் இல்லை. பாதரசப் பயன்பாட்டை உலகெங்கும் குறைக்க 2013-ல் எழுதப்பட்டு இந்தியாவும் 2018-ல் ஏற்ற மினமாட்டா உடன்படிக்கை, தெர்மாமீட்டரையும் அழகு கிரீமையும் தடைப் பட்டியலில் வைத்தது, தைமரோசல் உள்ள தடுப்பூசியைப் பட்டியலுக்கு வெளியே வைத்தது.

நான்காவது கேள்விதான் உயிர் சம்பந்தப்பட்டது. "டீடாக்ஸ்", "கிலேஷன்" என்ற பெயரில் உலோகத்தை இழுத்து வெளியேற்றும் மருந்துகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஈய விஷம் ஏறிய குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் வைத்து, கண்காணித்துக் கொடுப்பார்கள். அந்த மருந்து பாதரசத்தை மட்டும் தேடிப் பிடிக்காது. உடம்புக்கு வேண்டிய கால்சியத்தையும் துத்தநாகத்தையும் சேர்த்து இழுக்கும். 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இப்படி மருந்து ஏற்றியபோது, இரத்தத்தில் கால்சியம் வீழ்ந்து, இதயம் நின்று இறந்துபோனான். பிறகு அமெரிக்க மனநல ஆய்வு நிறுவனம் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் கிலேஷனைச் சோதிக்கத் திட்டமிட்டது. உலோக நச்சு இல்லாத எலிக்குட்டிகளுக்கு, அந்தச் சோதனையில் கொடுக்க இருந்த மருந்தைக் கொடுத்தபோது அவற்றின் கற்கும் திறன் கெட்டதைப் பார்த்து, 2008-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

முடி ரிப்போர்ட்டைத் தவிர, ஒரு சிறுநீர்ச் சோதனையும் நடக்கிறது. முதலில் கிலேஷன் மருந்தைக் கொடுப்பார்கள், பிறகு சிறுநீரைப் பிடித்து அளப்பார்கள், சிவப்புக் கோட்டைத் தாண்டிய ரிப்போர்ட் வரும். அந்த மருந்து கொடுத்தால் உங்களுக்கும் எனக்கும்கூடச் சிறுநீரில் உலோகம் கூடுதலாகத்தான் வரும். மருந்து கொடுக்காமல் எடுத்த அளவுகளோடு அதை ஒப்பிடுவது தப்பு. நச்சியல் மருத்துவர்கள் இந்தச் சோதனையை ஏற்பதில்லை. யாராவது இப்படிச் சோதனை செய்யச் சொன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பழனி வட்டாரத்தில் இருந்துகொண்டு சித்த மருத்துவத்தைப் பேசாமல் விட முடியாது. சித்தர் போகர் நவபாஷாணத்தில் முருகனைச் செய்தார் என்று நம்பும் ஊர் நம்முடையது. பாதரசமாகிய ரசமும், பாதரசத் தாதுவான லிங்கமும் சேரும் மருந்துகள் நம் மரபில் உண்டு. அவற்றைச் சுத்தி செய்யாமல் கொடுக்கக் கூடாது என்பதை அந்த மரபே கண்டிப்பாகச் சொல்கிறது. ஆகவே பேச்சு வருவதற்கென்று யாரோ பொட்டலம் கட்டிக் கொடுக்கும் செந்தூரத்தை, பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் குழந்தை வாயில் வைக்காதீர்கள். ஊசியில் பாதரசம் என்று பயந்துவிட்டு அதைவிடப் பல மடங்கு பாதரசத்தை நாமே ஊட்டிவிடக் கூடாது. முகத்தை வெளுப்பாக்கும் பெயரில்லாத கிரீம்களிலும் அதே ஆபத்து. 2023-ல் கேரளத்தின் கோட்டக்கல் மருத்துவர்கள், அப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானதை மருத்துவ இதழில் எழுதினார்கள். பழைய தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தால் கூட்டாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, கெட்டியான அட்டையால் உருட்டிச் சேர்த்து மூடியுள்ள புட்டியில் போடுங்கள்.

இவ்வளவு எழுதிய பிறகும் ஒன்று பாக்கி. இந்தப் பெற்றோர் ஏன் பாதரசத்தைத் தேடுகிறார்கள்? காரணம் வெளியே எங்கோ இருக்க வேண்டும் என்று அவர்கள் ஏங்குவது, வீட்டுக்குள் எல்லோரும் அவர்களையே காரணமாக்குவதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. "மாசமா இருக்கையில என்னத்தத் தின்னாளோ" என்று மாமியார் வீட்டில் ஒரு பேச்சு. "டிவியப் போட்டு உட்டுட்டா" என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு. மேல்நாட்டு மருத்துவர்களே 1950, 60-களில் பாசமில்லாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அதை உடைத்ததும் பெற்றோரின் கேள்விகள்தான். அம்மாக்களே, உங்கள் குழந்தைக்கு ஆட்டிசம் வந்தது நீங்கள் தின்றதாலும் அல்ல, நீங்கள் போட்டுவிட்ட ஊசியாலும் அல்ல. இதை வீட்டில் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பணத்தையும் நேரத்தையும் எங்கே போடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். குழந்தைக்கு ஒன்றரை, இரண்டு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை, வந்த சொற்கள் நின்றுபோயின என்றால், முடியை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில் பேச்சுப் பயிற்சியும் ஓ.டி. எனப்படும் ஆக்குபேஷனல் தெரபியும் தொடங்கிவிட வேண்டும். மாவட்டத்துக்கு ஒன்றாக அரசு மருத்துவமனை வளாகங்களில் ஆரம்பகால இடையீட்டு மையம் இயங்குகிறது. கட்டணம் கிடையாது. அங்கன்வாடி டீச்சரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொன்னால் அனுப்பிவைப்பார்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கென உள்ள தேசிய நிறுவனத்திலும் மதிப்பீடு செய்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்கிவைத்தால் பள்ளியிலும் உதவித்தொகையிலும் பேருந்திலும் கைகொடுக்கும். "நிராமயா" காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கோரலாம், தெரபிக்கும் அதில் இடமுண்டு.

நம் வட்டாரத்தில் தெரபிஸ்ட் பஞ்சம் இருப்பது எனக்குத் தெரியும். நெய்க்காரப்பட்டியிலிருந்து வாரம் இரண்டு முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல்லோ கோவையோ போய்வர ஒரு கூலித் தொழிலாளியால் எத்தனை மாதம் முடியும்? பயிற்சி கிடைக்காத இடத்தில்தான் பொட்டலக்காரர் வந்து உட்காருகிறார். பழனி வட்டாரத்துக்கென்று ஒரு முழுநேரப் பேச்சுப் பயிற்சியாளரும் ஒரு ஓ.டி.யும் அரசு மருத்துவமனையில் வேண்டும். அடுத்த இதழில் இந்தக் கோரிக்கையைக் கையெழுத்துப் படிவமாக அச்சிடுகிறோம். ஆட்டிசம் உள்ள குழந்தை உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் கையெழுத்துப் போடுங்கள்.

இனி யாராவது ஓர் ஆய்வைக் காட்டி மருந்து விற்க வந்தால் கேளுங்கள்: எத்தனை குழந்தைகளிடம் பார்த்தார்கள்? ஒப்பிட்ட குழந்தைகளும் அதே ஊர், அதே சாப்பாடா? இந்த மருந்து கொடுத்துக் குழந்தைகள் தேறினார்கள் என்று காட்டும் ஆய்வு எங்கே? சோதனை செய்கிற லேபும் மருந்து விற்கிறவரும் ஒருவரேதானா? பதிலை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பயத்தில் இளைய குழந்தைக்கு ஊசியை நிறுத்தியவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். தொண்டை அடைப்பானும் கக்குவானும் தட்டம்மையும் இன்னும் போய்விடவில்லை. வருகிற புதன்கிழமை தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை நிலையத்துக்கோ போங்கள். விட்டுப்போன ஊசிகளைத் தாமதமானாலும் போட்டுக்கொள்ளலாம். அட்டை தொலைந்திருந்தாலும் போங்கள், செவிலியரின் பதிவேட்டில் இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்
நெய்க்காரப்பட்டி